கணக்கில் வராத சுமை

உரைநடை உலகம்

நுழையும்முன்

உழைப்பின் அளவைக் கூலி காட்டும்; உழைப்பவரின் மனச்சுமையை எந்தப் பேரேடும் காட்டுவதில்லை. அடுத்த வாரம் வேலை இருக்குமா, வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட இயலுமா என்னும் கவலைகள் தனிமனிதரின் மனவலிமைக் குறைவால் தோன்றுபவையா? அல்லது தொழிலும் ஊதியமும் அமைந்துள்ள முறையால் தோன்றுபவையா? கோவில்பட்டி வட்டாரக் கரிசல்நிலத் தொழிலாளர் வாழ்வை முன்வைத்து இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கரிசல் மண்ணும் தீப்பெட்டியும்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் அமைந்துள்ள கோவில்பட்டி, கரிசல் நிலத்தின் முதன்மையான ஊர்களுள் ஒன்று. எட்டயபுரம், கழுகுமலை, விளாத்திகுளம், சாத்தூர் எனச் சுற்றிலும் விரியும் இந்நிலம் மழையை நம்பி வாழ்வது. ஈரம் பட்டால் உப்பிக் குழைவதும் கோடையில் ஆழமாக வெடித்துப் பிளப்பதும் கரிசல் மண்ணின் இயல்பு. ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்நோக்கிப் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி முதலியவற்றை உழவர்கள் விதைக்கின்றனர். பருவமழை தவறினால் உழைப்பும் முதலும் மண்ணோடு போகும். மழை பெய்தாலும், அறுவடை முடிந்தபின் நெடுநாள் நிலத்தில் வேலை இராது.

நிலம் தராத வேலையைத் தொழில் தந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றனர். ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். மழை குறைந்த வறண்ட காலநிலை, மருந்து தோய்த்த குச்சிகளும் ஒட்டிய பெட்டிகளும் விரைவில் உலரத் துணைசெய்தது. வேளாண்மைக்குத் தடையாக இருந்த வறட்சியே தீப்பெட்டித் தொழிலுக்கு வாய்ப்பாயிற்று. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை எனத் தொழில் பரவியது. கோவில்பட்டியில் நூற்பாலைகளும் எழுந்தன. மழையை மட்டும் நம்பியிருந்த பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு எரிய இத்தொழில்கள் வழிசெய்தன என்பதை மறுக்க இயலாது. ஆயினும், வேலை கிடைத்தவுடன் கவலை நீங்கிவிட்டதா என்பது தனி வினா.

எண்ணிக்கைக் கூலி

தீப்பெட்டி ஆலையை இவ்வட்டார மக்கள் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றே வழங்குவர். கட்டையில் குச்சி அடுக்குதல், மருந்து முக்குதல், பெட்டி ஒட்டுதல், பெட்டியில் குச்சி அடைத்தல், தாள் ஒட்டுதல், பண்டல் கட்டுதல் எனப் பணிகள் பல. இப்பணிகளைச் செய்வோருள் பெரும்பான்மையோர் பெண்கள். பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணையிலும் நடைபெறுவதுண்டு. இயந்திரங்கள் பல பணிகளை ஏற்றுக்கொண்ட பின்பும், செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தரும் முறை பல இடங்களில் தொடர்கிறது.

எண்ணிக்கைக் கூலியில் ஒரு நாளின் வருவாய் கையின் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. குச்சி வந்து சேராமல் காத்திருந்த நேரத்துக்குக் கூலி இல்லை. அடைமழையில் பெட்டி உலராத நாளுக்குக் கூலி இல்லை. காய்ச்சலில் படுத்த நாளுக்கும், பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற நாளுக்கும் கூலி இல்லை. வருவாய் இவ்வாறு நாளுக்கு நாள் மாறுகிறது, செலவோ மாறுவதில்லை. வீட்டு வாடகைக்கு நாள் உண்டு. குழுக்கடனின் வாரத்தவணைக்குக் கிழமை உண்டு. அடகு வைத்த நகைக்குக் கெடு உண்டு. வருவாய் உறுதியற்றதாகவும் செலவு உறுதியானதாகவும் இருக்கும் வாழ்வில், இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்புவது கவலை. கை குச்சியை அடைத்துக்கொண்டிருக்க, மனம் தவணையை எண்ணிக்கொண்டிருக்கும். இவ்விரண்டு வேலைகளுள் ஒன்றுக்கு மட்டுமே கூலி உண்டு.

இந்நிலைக்கு ஆலை உரிமையாளரை மட்டும் காரணமாகக் காட்டுதல் முழு உண்மை ஆகாது. 2007ஆம் ஆண்டு முதல் 2021ஆம் ஆண்டு நவம்பர் வரை ஒரு தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாயாகவே இருந்தது. 2021 டிசம்பர் 1 அன்றுதான் அது இரண்டு ரூபாய் ஆயிற்று. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் அரிசி, பருப்பு, பேருந்துக் கட்டணம், பள்ளிச் செலவு ஆகிய அனைத்தும் உயர்ந்தன. மெழுகு, அட்டை, குளோரேட் முதலிய மூலப்பொருள்களின் விலையும் உயர்ந்தது. விலையை உயர்த்த முடியாத சிறு உற்பத்தியாளர் எங்கே சிக்கனம் செய்வார்? மூலப்பொருள் விற்போரிடம் பேரம் பேசும் வலிமை அவருக்குக் குறைவு. ஆகவே, பேரம் பேசும் வலிமை எவருக்கு மிகக் குறைவோ அவர்மீதே சுமை இறுதியில் இறங்குகிறது. ஏற்றத்தாழ்வு என்பது பணத்தின் அளவில் மட்டும் இல்லை. இழப்பை யார் தாங்குவது என்பதிலும் அது இருக்கிறது.

ஏணியின் படிகள்

வறுமை மனத்தை வாட்டும் என்பதை அனைவரும் அறிவர். ஆனால், வறுமை இல்லாத இடத்திலும் ஏற்றத்தாழ்வு உடலையும் மனத்தையும் பாதிக்குமா? இவ்வினாவுக்கு இங்கிலாந்தில் விடை கிடைத்தது.

இலண்டன் நகரில் அரசு அலுவலகங்கள் நிறைந்த பகுதி ஒயிட்ஹால். அங்குப் பணியாற்றிய ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களின் உடல்நலம் குறித்த ஆய்வு 1967ஆம் ஆண்டு தொடங்கியது. அவர்கள் அனைவரும் நிலையான அரசுப்பணியில் இருந்தவர்கள், பசியை அறியாதவர்கள். எனினும், மிகக் கீழ்நிலைப் பணியில் இருந்தோரின் இறப்பு விகிதம் உயர்நிலையில் இருந்தோரைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அடிமட்டத்துக்கும் உச்சிக்கும் இடையில் மட்டும் இவ்வேறுபாடு காணப்படவில்லை. ஏணியின் ஒவ்வொரு படியிலும் காணப்பட்டது. 1985ஆம் ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஆய்வை மைக்கேல் மார்மட் என்னும் மருத்துவ அறிஞர் வழிநடத்தினார். தம் வேலையைத் தாமே திட்டமிடவும் அதுபற்றிக் கருத்துக் கூறவும் உரிமை குறைந்தவர்களிடம் நோய் மிகுதியாகத் தோன்றுவதை அது எடுத்துக்காட்டியது.

பணியின் பளு மட்டும் மனிதரை முறிப்பதில்லை. எப்போது தொடங்குவது, எப்போது ஓய்வது, எவ்வளவு கேட்பது என்பவற்றில் எந்தச் சொல்லுரிமையும் இல்லாத நிலையே பளுவைத் துயரமாக்குகிறது. திருக்குறளின் 'நல்குரவு' அதிகாரத்தில் வள்ளுவர் இதனையொத்த ஓர் உண்மையைச் சுட்டியுள்ளார். வறியவர் நல்ல பொருளை நன்கு ஆராய்ந்து சொன்னாலும் அவர் சொல்லைக் கேட்பவர் இல்லை என்பது அவர்தம் கருத்து. பொருளின்மையோடு சொல்லின் மதிப்பின்மையும் சேர்ந்தே வருகிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தெரிந்து தெளிவோம்

கோவில்பட்டியை அடுத்த இடைசெவல், கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி ஆகிய இருவரும் பிறந்த ஊர். கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' என்னும் சிறுகதையில் செல்வர் வீட்டுச் சிறுவனும் ஏழை வீட்டுக் குழந்தைகளும் தம்மிடம் உள்ளவற்றைப் போட்டியிட்டு ஒப்பிடுகின்றனர். ஏற்றத்தாழ்வு குழந்தையின் மனத்தில் எவ்வளவு முன்னதாகவே இடம்பெற்றுவிடுகிறது என்பதையும், இல்லாத வீட்டிலும் பரிவு எவ்வாறு தலைநிமிர வைக்கிறது என்பதையும் அக்கதை காட்டுகிறது. இவ்வட்டாரத்தைச் சேர்ந்த எழுத்தாளர் பூமணி, தீப்பெட்டித் தொழிலில் ஈடுபட்ட குழந்தைகளின் வாழ்வைக் 'கருவேலம் பூக்கள்' என்னும் திரைப்படமாக இயக்கினார்.

அறுவடைக்கு முன்னும் பின்னும்

"திட்டமிட்டுச் செலவு செய்யத் தெரியாததால்தான் ஏழைகள் கடன்படுகின்றனர்" என்று கூறுவோர் உளர். இக்கூற்றை ஆராய்வதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வாய்ப்புக் கிடைத்தது. கரும்பு உழவர்க்கு ஆண்டின் பெரும் வருவாய் அறுவடையின்போதே வருகிறது. எனவே, ஒரே உழவர் அறுவடைக்கு முன் பணமுடையிலும் அறுவடைக்குப்பின் ஓரளவு நிறைவிலும் இருப்பார். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 464 கரும்பு உழவர்களிடம் இவ்விரு காலங்களிலும் சிந்தனைத்திறன் தேர்வுகளை நடத்தினர். முடிவுகள் 2013ஆம் ஆண்டு வெளியாயின.

அறுவடைக்கு முன் அவர்களுள் 78 விழுக்காட்டினர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். அறுவடைக்குப்பின் அவ்வாறு அடகு வைத்தவர்கள் 4 விழுக்காட்டினரே. சிந்தனைத் தேர்வுகளில் அதே உழவர்கள் அறுவடைக்கு முன்னைவிடப் பின்னர்ச் சிறப்பாகச் செய்தனர். மனிதர் மாறவில்லை; அறிவு மாறவில்லை; பணக்கவலை மட்டுமே மாறியது. மனத்தின் இடம் எல்லையுடையது. அவ்விடத்தைக் கவலை நிறைத்துவிட்டால் திட்டமிடலுக்கும் பொறுமைக்கும் இடம் குறைகிறது. இதனை அறியாமை என்றோ சோம்பல் என்றோ அழைத்தல் பொருந்தாது.

எண்ணிக்கைக் கூலி பெறுவோரிடமும் இவ்வாறே நிகழ்கிறதா என்பது ஒடிசாவில் ஆராயப்பட்டது. இலைகளைச் சேர்த்துத் தட்டுகள் செய்யும் தொழிலாளர் சிலருக்கு, அவர்கள் முன்னரே ஈட்டிய கூலியின் ஒரு பகுதி குறித்த நாளுக்கு முன்னதாக வழங்கப்பட்டது. கூலியின் அளவு கூடவில்லை. கொடுத்த நாள் மட்டுமே மாறியது. பணம் கைக்கு வந்தபின் அவர்கள் மிகுதியான தட்டுகளைச் செய்தனர், பிழைகளும் குறைந்தன. இம்மாற்றம் மிகவும் வறியவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது. உரிய நாளில் வரும் கூலி, தொழிலாளியின் மனத்தை மட்டுமன்றித் தொழிலையும் காக்கிறது என்பதற்கு இது சான்று.

வேலை நின்றால்

ஓரிடத்தில் பெரும்பாலோர் ஒரே தொழிலை நம்பி வாழும்போது, அத்தொழில் தளர்ந்தால் ஊரே தளரும். ஆஸ்திரியாவின் மரியன்தால் என்னும் சிற்றூரில் இது நிகழ்ந்தது. அவ்வூருக்கு வாழ்வளித்த நெசவாலை உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் தொடக்கத்தில் மூடப்பட்டது. மரீ யஹோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்குத் தங்கி மக்களின் வாழ்வை உற்றுநோக்கி, 1933ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டனர். வேலை இழந்தோருக்கு நேரம் மிகுதியாக இருந்தது. ஆயினும், நூலகத்தில் எடுக்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆண்களின் நடையே மெதுவாயிற்று. கூலி மட்டுமன்றி, நாளுக்கு ஓர் ஒழுங்கையும் பிறரோடு கூடும் வாய்ப்பையும் தாம் பயனுடையோர் என்னும் உணர்வையும் வேலை தருகிறது என்பதை அவ்வாய்வு உணர்த்தியது.

கோவில்பட்டி வட்டாரமும் இத்தகைய அச்சத்தை அறியாதது அன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் கொரோனா ஊரடங்கால் ஆலைகள் நின்றன. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் மூலப்பொருள் விலையேற்றத்தை எதிர்த்து உற்பத்தியாளர்கள் ஆலைகளை மூடினர். மலிவான நெகிழி எரியூட்டிகள் தீப்பெட்டிச் சந்தையைச் சுருக்கின. 20 ரூபாய்க்கும் குறைவான விலையுள்ள எரியூட்டிகளின் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு 2023ஆம் ஆண்டு சூன் மாதம் தடை விதித்தது. கடல்கடந்து வரும் ஒரு சிறு பொருளும், தலைநகரில் வெளியாகும் ஓர் அறிவிப்பும், கரிசல் காட்டு வீட்டில் ஒரு பெண்ணின் உறக்கத்தைத் தீர்மானிக்கின்றன. இம்முடிவுகள் எவற்றிலும் அவருக்குப் பங்கில்லை.

சொல்லப்படாத நோய்

நெடுநாள் தொடரும் கவலை மனத்தோடு நிற்பதில்லை. அச்சத்தின்போது உடலில் சுரக்கும் சுரப்புகள் ஆபத்தைக் கடக்கத் துணைசெய்பவை. அச்சம் ஓயாது தொடர்ந்தால் அவையே உறக்கத்தையும் செரிமானத்தையும் இரத்த அழுத்தத்தையும் பாதிக்கின்றன. தீராக் கவலை, நாளடைவில் மனச்சோர்வாகவும் பதற்றமாகவும் வளரக்கூடும். மனநோய்க்குக் காரணங்கள் பல. ஏற்றத்தாழ்வு அவற்றுள் ஒன்று. ஆயினும் அது மனிதரால் மாற்றக்கூடிய காரணம் என்பதை மறத்தலாகாது.

நம் ஊர்களில் இத்துன்பம் பெரும்பாலும் மனத்தின் பெயரால் சொல்லப்படுவதில்லை. 'உடம்புக்கு முடியலை' என்பார்கள். தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, கைகால் குடைச்சல், பசியின்மை என்றே மருத்துவரிடம் கூறுவார்கள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாள் வேலைக்குச் செல்வோர் பலர். ஆண்களுள் சிலர் மதுவில் மறதியைத் தேடுகின்றனர். அச்சுமை வீட்டுப் பெண்கள்மீது இருமடங்காக ஏறுகிறது. மனநல மருத்துவரை நாடினால் ஊர் என்ன சொல்லுமோ என்னும் நாணம் ஒருபுறம். ஒரு நாள் கூலி போய்விடுமே என்னும் அச்சம் மறுபுறம்.

இத்துன்பம் ஓர் ஊருக்கோ ஒரு நாட்டுக்கோ உரியதன்று. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 கோடி வேலைநாள்கள் இழக்கப்படுவதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

தீர்வின் திசை

நோயின் வேர் இரண்டு இடங்களில் இருப்பதால் மருந்தும் இரண்டு இடங்களில் தேவைப்படுகிறது. ஒன்று, பாதிக்கப்பட்ட மனத்துக்கு உரிய மருத்துவம்; மற்றொன்று, அம்மனத்தைப் பாதித்த வாழ்நிலையைச் சீர்செய்தல். முதலாவதை மட்டும் செய்வது, ஒழுகும் கூரையைச் சரிசெய்யாமல் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

வாழ்நிலையைச் சீர்செய்யும் முயற்சிகள் இந்தியாவில் நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றன. ஊதியத்தை உரிய காலத்தில் வழங்க வேண்டும் என 1936ஆம் ஆண்டும், குறைந்தபட்ச ஊதியத்தை உறுதிசெய்ய 1948ஆம் ஆண்டும் சட்டங்கள் இயற்றப்பட்டன. நேர்மையும் மனிதத்தன்மையும் உடைய பணிச்சூழலை அரசு உறுதிசெய்ய வேண்டும் என அரசமைப்பின் 42ஆம் உறுப்பும், வாழ்வதற்குப் போதிய ஊதியம் கிடைக்கச் செய்ய வேண்டும் என 43ஆம் உறுப்பும் வழிகாட்டுகின்றன. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982ஆம் ஆண்டு தனிச்சட்டம் இயற்றப்பட்டு, நல வாரியங்கள் தோன்றின. கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டு சட்டம் வந்தது. சட்டங்கள் ஏட்டில் இருந்தால் மட்டும் போதா. எண்ணிக்கைக் கூலி பெறுவோருக்கும், வீட்டிலிருந்து பெட்டி ஒட்டுவோருக்கும் அவற்றின் பயன் சென்று சேரவேண்டும்.

மாற்றம் இயலாதது அன்று. ஒரு காலத்தில் இவ்வட்டாரத்துத் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வது இயல்பான காட்சியாகக் கருதப்பட்டது. 1986ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பகுதியை முன்னிறுத்திய வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிகளும் சத்துணவும் மக்களின் விழிப்புணர்வும் துணைநின்றன. 'இயல்பு' என்று கருதப்பட்டது 'தவறு' என உணரப்பட்டது. உழைப்பவரின் கவலையும் அவ்வாறே 'விதி' என்னும் நிலையிலிருந்து 'மாற்றத்தக்கது' என்னும் நிலைக்கு வரவேண்டும்.

மனநலம் பேணும் உரிமையையும் சட்டம் ஏற்றுள்ளது. அரசு நடத்தும் மனநலச் சேவைகளைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின்வழி அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவம் வழங்கப்படுகிறது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதுபோல் மனச்சோர்வுக்கும் நாடுவதில் நாணம் தேவையில்லை.

தொழிற்கூடத்தில் செய்யத்தக்க எளிய செயல்களும் உண்டு. கூலி நாள் தவறாமை, கூலிக் கணக்கைத் தொழிலாளி தாமே பார்க்கும் வாய்ப்பு, நோயுற்ற நாளுக்குச் சிறு பாதுகாப்பு, குறையைச் சொன்னால் வேலை போகாது என்னும் உறுதி, பெயர் சொல்லி மதிப்போடு அழைக்கும் பண்பு ஆகியன அத்தகையவை. இவற்றுள் சில பணத்தைக் கேட்பவை. சில மனத்தை மட்டுமே கேட்பவை.

தீக்குச்சி எரிவது சில நொடிகள். அதை அடுக்கிய கை, முக்கிய கை, அடைத்த கை ஆகியவற்றுக்குப் பின்னால் ஒரு மனம் உழைத்திருக்கிறது. அம்மனம் அச்சமின்றி உறங்க வழிசெய்தல் இரக்கம் அன்று, நீதி.

தெரிந்து தெளிவோம்

மனத்துயரம் உள்ளோர் கட்டணமின்றி எந்நேரமும் பேசுவதற்கு 14416 என்னும் தொலைபேசி எண் உள்ளது. ஒன்றிய அரசின் இத்திட்டம் 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. தமிழிலும் பேசலாம்.

சொல்லும் பொருளும்

நல்குரவு – வறுமை
பேரேடு – கணக்குகளைப் பதியும் பெரிய ஏடு
கெடு – குறித்த காலவரை
கட்டை – தீக்குச்சிகளை வரிசையாக அடுக்கும் சட்டம்
முதல் – தொழிலில் இடும் பணம்

இலக்கணக் குறிப்பு

உடலையும் மனத்தையும் – எண்ணும்மை
வாங்கிய கடன் – பெயரெச்சம்
தீராக் கவலை – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

கற்றனர் – கல்(ற்) + ற் + அன் + அர்
கல் – பகுதி. 'ல்' 'ற்' ஆனது விகாரம்
ற் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் எண்ணிக்கைக் கூலி முறையில் நடைபெறும் தொழில்களைப் பட்டியலிட்டு, அவற்றில் வருவாய் தடைப்படும் நாள்கள் எவை எனக் கலந்துரையாடுக.
2. 'மனநலம் தனிமனிதர் பொறுப்பா, சமூகத்தின் பொறுப்பா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' சிறுகதையைப் படித்து, அதில் வரும் குழந்தைகளின் மனநிலை குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.

பாடநூல் வினாக்கள்

குறுவினா

1. கரிசல் நிலத்தின் வறட்சி தீப்பெட்டித் தொழிலுக்கு எவ்வாறு வாய்ப்பாயிற்று?
2. 'உடம்புக்கு முடியலை' என்னும் தொடர் உணர்த்தும் மனநிலை யாது?

சிறுவினா

1. எண்ணிக்கைக் கூலி முறையில் கவலை தோன்றும் விதத்தை விளக்குக.
2. தமிழ்நாட்டுக் கரும்பு உழவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு மெய்ப்பிக்கும் கருத்தினை எழுதுக.

நெடுவினா

தொழிலாளர் மனநலத்தில் பொருளாதார ஏற்றத்தாழ்வு ஏற்படுத்தும் விளைவுகளையும், அவற்றைக் களையும் வழிகளையும் பாடப்பகுதியின் சான்றுகள்வழி நிறுவுக.